பேஜ்மேக்கர் ஓடும் கடைக் கணினியில் விண்டோஸ் 11 போடலாமா?

மஞ்சள்_பத்திரிகை:

வணக்கம். அருப்புக்கோட்டையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, பில் புக். நடுநடுவே ஜெராக்ஸ், சான்றிதழ், பட்டா என்று ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுப்பேன். எல்லாமே ஒரே கணினியில். அதை விண்டோஸ் 10-லேயே விடுவதா, 11-க்கு மாற்றுவதா என்று முடிவு பண்ண முடியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

கணினி 2017-ல் வாங்கியது. ஐ3 7100, எச்110 போர்டு, 8 ஜிபி ராம். பிற்பாடு ஒரு எஸ்எஸ்டி போட்டதிலிருந்து குறை சொல்ல முடியாத அளவுக்கு ஓடுகிறது. பக்கம் வடிவமைக்கப் பேஜ்மேக்கர் 7, பழைய கோரல்டிரா, பழைய போட்டோஷாப். பிரிண்டர் கேனன் எல்பிபி 2900பி, டிரேஸ் பேப்பரில் அடித்து மினி ஆஃப்செட்காரரிடம் கொடுப்பது அதில்தான். ஆன்லைன் வேலைக்கு ஒரு கைரேகை சாதனம். எல்லாவற்றுக்கும் மேல் தமிழ் எழுத்துருத் தொகுப்பு ஒன்று, உரிமச் சாவி மாதிரியான யுஎஸ்பி டங்கிளைச் செருகினால்தான் தமிழில் அடிக்க முடியும். அதை விற்ற கம்பெனியை இப்போது தேடினாலும் கிடைக்காது.

அக்டோபர் 14, 2025-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று அவ்வப்போது திரை முழுக்க அறிவிப்பு வந்து நிற்கிறது. கஸ்டமர் பக்கத்தில் உட்கார்ந்து மேட்டர் சரிபார்க்கும்போதுதான் சரியாக வரும். கணினி 11-ஐ ஏற்குமா என்று சொல்லும் பிசி ஹெல்த் செக் ஓட்டிப் பார்த்தேன். டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்று அது கேட்கும் பாதுகாப்பு அம்சங்கள் இரண்டுக்கும் பச்சை டிக். புராசஸருக்கு மட்டும் சிவப்பு.

சர்வீஸ் பார்க்கும் பையன், "ரெண்டாயிரம் கொடுங்கக்கா, அந்தச் சோதனையை பைபாஸ் பண்ணி 11 போட்டுத் தர்றேன், ஒரு மணி நேர வேலை" என்கிறான். வீட்டுக்காரர் புதுக் கணினியே வாங்கிவிடு என்கிறார், விசாரித்தால் 42 ஆயிரம் சொல்கிறார்கள். பத்திரிகைக்கு நூறு, இருநூறு என்று சேர்க்கிற காசு. அண்ணன் மகன் லினக்ஸ் போடச் சொல்கிறான். அவனுக்குப் பேஜ்மேக்கர் என்றால் என்னவென்றே தெரியாது.

என் பயம் பழைய ஃபைல்கள்தான். 2009-லிருந்து அடித்த பத்திரிகை எல்லாம் இருக்கிறது, பாதி பி65, மீதி பிஎம்டி, இரண்டும் பேஜ்மேக்கர் ஃபைல்தான். இது சும்மா சேர்த்து வைத்த குப்பை இல்லை. மூத்த மகளுக்கு அன்றைக்கு அடித்தவர்கள் இளையவளுக்கு வருவார்கள். "அதே மாதிரி போடும்மா, பேரும் தேதியும் மண்டபமும் மட்டும் மாத்து" என்பார்கள். தாய்மாமன் வரிசை, குலதெய்வம் பெயர், பட்டப்பெயரோடு பங்காளிகள் பட்டியல், யாருக்கு முன்னால் யார் என்ற சண்டையெல்லாம் அந்த ஃபைலில் ஏற்கெனவே தீர்ந்து கிடக்கிறது. அதைத் திறந்தால் பத்து நிமிட வேலை. திறக்கவில்லை என்றால் அரைநாள் போய்விடும், சண்டையும் புதிதாக வரும்.

எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஃபைலைத் திறந்து பார்த்திருக்கிறேன். 'அன்புடையீர்' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு வரி நிற்கும். 11 போட்டபிறகு எல்லாப் பத்திரிகையும் அப்படி ஆகிவிட்டால்?

தை பிறந்தால் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் அப்போதுதான் கை ஓயும். எதைச் செய்வதாக இருந்தாலும் அந்த மாதத்திற்குள் செய்தாக வேண்டும். பைபாஸ் பண்ணலாமா? பேஜ்மேக்கரும் டங்கிளும் 11-ல் ஓடுமா? ஒன்றும் செய்யாமல் 10-லேயே இருந்தால் நிஜமாகவே ஆபத்தா, இல்லை விற்பதற்காகக் கிளப்பும் பயமா?


ஹார்டுவேர்_தம்பி:

அக்கா, எட்டு வருஷம் உழைத்துவிட்டது, விடுங்கள். புதிது வாங்குங்கள்.

யாராவது "புராசஸரை மட்டும் மாற்றினால் போதும், அதே சாக்கெட்தான்" என்று சொன்னால் நம்பாதீர்கள். 7-ஆம் தலைமுறைக்கும் 8-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் 1151 என்றுதான் பெயர், ஆனால் எச்110 போர்டு 8-ஆம் தலைமுறையை ஏற்காது. போர்டு, புராசஸர் இரண்டும் மாற்றினால் கிட்டத்தட்ட புதுக் கணினி விலை வந்துவிடும். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை முதல்தான் அதிகாரபூர்வ ஆதரவு, சில விதிவிலக்குகள் உண்டு, அதில் உங்களுடையது இல்லை.


பைபாஸ்_பாண்டி:

தம்பி சொல்வது கொஞ்சம் அவசரம். நான் 6-ஆம் தலைமுறை ஐ5-ல் விண்டோஸ் 11 தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ரூஃபஸ் என்று ஒரு இலவச மென்பொருள், அதில் பென் டிரைவ் தயார் பண்ணும்போதே புராசஸர் சோதனையைத் தாண்டச் சொல்லலாம். அதற்கு ரெண்டாயிரம் கொடுப்பது அநியாயம்.

மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட் எனக்கு ஒழுங்காக வருகிறது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு இந்த மாதிரிக் கணினிக்குத் தானாக வராது. ஐஎஸ்ஓ என்ற நிறுவல் ஃபைலை இறக்கி நாமே ஏற்ற வேண்டும். ஹோம், புரோ இரண்டுக்கும் ஒரு பதிப்பின் ஆயுள் இரண்டு வருடம். 24எச்2 என்ற பதிப்பு போட்டிருந்தால் அக்டோபர் 2026-ல் அதுவும் முடியும், அப்புறம் மறுபடி ஒருமுறை உட்கார வேண்டும். எனக்கு இது பொழுதுபோக்கு, கவலையில்லை. அக்காவுக்குக் கடை.

இன்னொன்று. இந்த மாதிரிக் கணினிகளுக்கு அப்டேட் கொடுப்போம் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி எதுவும் தரவில்லை. இப்போது வருகிறது, அவ்வளவுதான்.


கரிசல்_லினக்ஸ்:

அண்ணன் மகன் சொன்னதற்கு நானும் பாதி ஆதரவு. நான் லினக்ஸ்காரன்தான், அதனால் சொல்கிறேன், அக்கா, இந்தக் கணினிக்கு லினக்ஸ் வேண்டாம். பேஜ்மேக்கரை, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டினாலும் டங்கிள் கேட்கும் தமிழ் விசைப்பலகை அதோடு ஒத்துவராது. 2900பி பிரிண்டருக்கு லினக்ஸில் கேப்ட் டிரைவர் நிறுவுவது ஒரு தனி வித்தை. நிறுவியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப்பேர் இன்னும் அந்தக் கடுப்பிலிருந்து வெளியே வரவில்லை.

ஒரு தகவல் மட்டும் பயன்படலாம். லிப்ரே ஆஃபீஸின் டிரா மென்பொருள் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், விண்டோஸிலும். பத்தி அமைப்பு அங்கங்கே கலையும். ஆனால் உள்ளே இருக்கும் எழுத்து கையில் கிடைக்கும்.


பிளேட்ரூம்:

சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் டிடிபி பிரிவில் இருந்தவன். இப்போது சுற்றுவட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு கடைகளுக்குக் கணினி பார்த்துக் கொடுக்கிறேன். எல்லோரும் உங்கள் கேள்வியைத்தான் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

உங்கள் பத்திரிகை வேலைக்கு நெட் தேவையில்லை. உங்கள் ஆன்லைன் வேலைக்குப் பேஜ்மேக்கர் தேவையில்லை. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல், அதுவே கடைசிப் பதிப்பு. அதற்கு விண்டோஸ் 11-ஆல் ஒரு லாபமும் கிடையாது. ஆபத்து முழுக்க அந்தப் பக்கம், பிரவுசரும் வாட்ஸப்பும் ஊராரின் ஆதார் ஸ்கேனும் கைரேகை சாதனமும் இருக்கும் பக்கம். விற்பதற்காகக் கிளப்பும் பயமா என்று கேட்டீர்கள். விற்பனையும் இருக்கிறது, பயமும் நிஜம்தான். அப்டேட் நின்ற மறுநாளே ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் உங்கள் கணினியில் அடைபடாமலே இருக்கும், அதுதான் விஷயம். உங்கள் ஃபைல் போனால் உங்களுக்கு நஷ்டம். அடுத்தவர் ஆதார் போனால் பதில் சொல்லும் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள்.

அதனால் என் யோசனை: இப்போதுள்ள கணினியை அப்படியே, ஒரு ஸ்க்ரூகூடத் தொடாமல், விண்டோஸ் 10-லேயே விடுங்கள். அது இனிப் பத்திரிகைக் கணினி. நெட்டுக்கு மட்டும் தனியாக ஒன்று வாங்குங்கள். அதற்கு 42 ஆயிரம் வேண்டாம். அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்ட 8-ஆம், 9-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் மதுரையில் அதில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும்.

மார்கழிக்குள் அதற்கும் காசு புரட்ட முடியாவிட்டால் ஒரு இடைவழி இருக்கிறது. விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் அக்டோபர் 13, 2026 வரை நீட்டித்துத் தருகிறார்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்யும் இணைப்பு காட்டும், பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அவர்களிடம் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு இல்லை. அப்படிச் சேமிப்பது பிடிக்காவிட்டால் 30 டாலர், கணக்கு எப்படியும் வேண்டும். இது சொந்தக் கணினிகளுக்கான திட்டம். டொமைனில் சேர்த்த அலுவலகக் கணினிகளுக்கு இது கிடையாது, நிறுவனங்களுக்கு முதல் வருடமே 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு. உங்கள் கணினியில் இணைப்பு காட்டினால் பதிவு செய்துவிடுங்கள். தை, மாசி, பங்குனி எல்லாம் நிம்மதியாக ஓட்டலாம்.

பைபாஸ் பற்றி: பாண்டி சொன்னது எல்லாம் உண்மை. இருந்தாலும் உங்கள் கடைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், காரணம் டங்கிள். விண்டோஸ் 11-ல் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது, 8-ஆம் தலைமுறை முதலான கணினிகளில் பெரும்பாலும் தானாகவே இயங்கும், உங்களுடையது மாதிரிப் பழையதில் நாமே இயக்க வேண்டியிருக்கலாம். அது பழைய டிரைவர்களை உள்ளே விடாது. பழைய டங்கிள் டிரைவர்கள் அதில் நிறையவே அடிபடுகின்றன. டங்கிளைச் செருகுவீர்கள், விளக்கு எரியும், மென்பொருள் மட்டும் 'டங்கிள் இல்லை' என்று சொல்லும். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் என்று போனால் எந்த டிரைவர் ஒத்துவரவில்லை என்று பெயரோடு காட்டும். அதை அணைத்துவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பாதுகாப்புக்காக 11 போட்டுவிட்டு அந்தப் பாதுகாப்பையே அணைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எழுத்துரு பயத்துக்கு வருகிறேன். ஃபைல் கெடாது. நீங்கள் பார்த்த ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் அந்த ஃபைலில் எப்போதும் இருப்பது. அந்தப் பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. எழுத்துரு திரும்பி வந்தால் தமிழும் திரும்பி வரும். அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது, விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுத்து இரண்டு இடத்தில் வைப்பது. பத்திரிகை ஃபைல்களைவிட அது முக்கியம், ஏனென்றால் அந்த எழுத்துருவை விற்றவர் இனிக் கிடைக்க மாட்டார்.

அதை வேறு கணினியில் போடும்போது ஒரு தொல்லை உண்டு. டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால் கொடுத்தால் இப்போதெல்லாம் அந்த எழுத்துரு அந்தப் பயனருக்கு மட்டும், வேறொரு ஃபோல்டரில் போய் உட்காரும். 2018-ன் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இப்படித்தான். வேர்டில் எழுத்துரு தெரியும், பேஜ்மேக்கரில் தெரியாது. எழுத்துருவே கெட்டுப்போய்விட்டது என்று ஒரு கடையில் கணினியையே மாற்றிவிட்டார்கள். ரைட் கிளிக் பண்ணி எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு என்பதைக் கொடுத்தால் பழைய இடத்துக்கே போகும், பேஜ்மேக்கர் பார்க்கும்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருளால் எஸ்எஸ்டியை அப்படியே ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி என்றைக்காவது மண்டையைப் போட்டாலும் புது எஸ்எஸ்டியில் அந்தப் படத்தை இறக்கினால் டங்கிள் டிரைவர் முதல் பேஜ்மேக்கர் வரை இருந்த இடத்தில் இருக்கும்.


மஞ்சள்_பத்திரிகை:

பிளேட்ரூம் அண்ணா, ரொம்ப நன்றி. எழுத்துரு ஃபோல்டரைப் படித்த கையோடு காப்பி எடுத்துவிட்டேன்.

ஆனால் ஒரு சிக்கல். பத்திரிகை வேலைக்கு நெட் தேவையில்லை என்கிறீர்கள். எனக்கு மேட்டரே வாட்ஸப்பில்தான் வருகிறது. ஒரு குயர் நோட்டுத் தாளில் எழுதி, அதை போட்டோ எடுத்து, நாலு பேர் நாலு திருத்தம் போட்டு அனுப்புவார்கள். மாப்பிள்ளை வீட்டார் சென்னையில் இருப்பார்கள், புரூஃப் அவர்களுக்கும் போக வேண்டும், பிடிஎஃப்பாகவோ படமாகவோ. ஒரு பத்திரிகைக்கு ஏழெட்டுத் தடவை போய்வரும். ஒவ்வொரு தடவையும் பென் டிரைவைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அதுவும் என் கடைக்கு வரும் பென் டிரைவ்களில் இல்லாத வைரஸ் இல்லை.

இன்னொன்று, பேஜ்மேக்கரை நான் எப்போதும் ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டராகத்தான் திறக்கிறேன். இல்லாவிட்டால் தகராறு பண்ணும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?


பிளேட்ரூம்:

இருக்கிறது, நல்ல வேளையாகச் சொன்னீர்கள்.

பென் டிரைவ் வேண்டாம். இரண்டு கணினியையும் ஒரே ரவுட்டரில் கேபிளால் இணையுங்கள். பத்திரிகைக் கணினியின் நெட்வொர்க் செட்டிங்கில் ஐபி முகவரியைக் கையால் போடுங்கள். கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் காலியாக விட்டுவிடுங்கள். ஐபிவி6 டிக்கையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரவுட்டர் அந்த வழியாக நெட்டைக் கொடுத்துவிடும். இப்போது பத்திரிகைக் கணினிக்குப் பக்கத்துக் கணினி தெரியும், வெளி உலகம் தெரியாது.

அடுத்து, ஷேர் ஃபோல்டரை எந்தக் கணினியில் வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். புதுக் கணினியில் ஃபோல்டர் வைத்து, அதைப் பத்திரிகைக் கணினியில் இசட் டிரைவ் என்று மேப் பண்ணுவார்கள். எக்ஸ்புளோரரில் இசட் டிரைவ் இருக்கும், பேஜ்மேக்கரில் பிளேஸ் கொடுத்துத் தேடினால் இருக்காது. காரணம், நீங்கள் சொன்ன அந்த அட்மினிஸ்ட்ரேட்டர். அப்படித் திறந்த மென்பொருளுக்குச் சாதாரணப் பயனர் மேப் பண்ணிய டிரைவ் கண்ணில் படாது. எக்ஸ்புளோரரிலிருந்து படத்தை இழுத்துப் போட்டாலும் விழாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே காரணம்தான். ஆகவே ஃபோல்டர் பத்திரிகைக் கணினியின் சொந்த டிஸ்கில் இருக்கட்டும். வாட்ஸப்பில் வந்ததைப் புதுக் கணினியிலிருந்து அதற்குள் தள்ளுங்கள், புரூஃபை அதிலிருந்தே எடுத்து அனுப்புங்கள்.

கடவுச்சொல் இல்லாத ஷேர் விண்டோஸ் 11-ல் மக்கர் பண்ணும். பத்திரிகைக் கணினியில் ஒரு பயனர் பெயர், கடவுச்சொல் வைத்துக்கொண்டு அதைக் கொடுத்து இணையுங்கள். பிரிண்டர் பத்திரிகைக் கணினியிலேயே இருக்கட்டும், டிரேஸ் எடுப்பது அங்கேதானே. 2900பி-க்கு 64 பிட் டிரைவர் இருக்கிறது, விண்டோஸ் 11-லும் ஓடுகிறது. என்றைக்காவது இடம் மாற்ற வேண்டியிருந்தாலும் கவலையில்லை.


ஹார்டுவேர்_தம்பி:

அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். புதுக் கணினியை அமைக்கும்போது யாருடைய மெயில் ஐடியைப் போடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கள் ஏரியாவில் சர்வீஸ்காரர்கள் அவசரத்துக்குத் தங்கள் ஐடியையே போட்டு முடித்துவிடுகிறார்கள். 24எச்2-விலிருந்து மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால் பல கணினிகளில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும். திறக்கும் சாவி அந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும். ஆறு மாதம் கழித்து பயாஸில் ஏதாவது மாறினால் திரை நீலமாகி 48 இலக்க எண்ணைக் கேட்கும். அப்போது அந்தப் பையன் திருப்பூரிலோ துபாயிலோ இருப்பான்.


பிளேட்ரூம்:

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. அதே நேரத்தில் ஒன்டிரைவையும் பாருங்கள். அமைக்கும்போது வரும் கேள்விகளுக்கெல்லாம் அடுத்து, அடுத்து என்று கொடுத்தால் டெஸ்க்டாப் முழுவதும் ஒன்டிரைவுக்குள் போய்விடும். இலவசம் 5 ஜிபி, இரண்டு கல்யாண ஆல்பத்தில் நிறைந்துவிடும். அது போகட்டும். டெஸ்க்டாப்பில் போட்டுவைக்கும் ஆதார், ரேஷன் கார்டு ஸ்கேன் எல்லாம் சத்தமில்லாமல் மேலே ஏறும். அந்த பேக்அப்பை நிறுத்திவிடுங்கள். வேலை முடிந்ததும் கஸ்டமர் ஸ்கேனை அழிக்கும் பழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.


பைபாஸ்_பாண்டி:

ஒரு மாற்று யோசனை. வாங்கப்போகும் 8-ஆம் தலைமுறையில் 16 ஜிபி ராம் இருந்தால், அதற்குள்ளேயே கணினிக்குள் கணினி மாதிரி இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, உள்ளே ஒரு பழைய விண்டோஸில் பேஜ்மேக்கரை ஓட்டலாம். யுஎஸ்பி டங்கிளை உள்ளே இருக்கும் விண்டோஸுக்குக் கொடுக்கவும் வழி இருக்கிறது. மேசையில் ஒரே கணினி, ஒரே மானிட்டர்.


பிளேட்ரூம்:

முடியும். இரண்டு கடையில் செய்தும் கொடுத்தேன். ஒரு கடையில் டங்கிள் ஒழுங்காகப் பிடித்தது, இன்னொரு கடையில் கணினியை ஒவ்வொரு முறை ஆன் பண்ணும்போதும் கையால் இணைக்க வேண்டியிருந்தது. கடையில் வேலை பார்க்கும் பெண் வாரக் கடைசியில் எனக்கு போன் போடுவதை நிறுத்தவே இல்லை. நன்றாக ஓடும் ஒரு கணினி கையில் இருக்கும்போது அதை இன்னொரு கணினிக்குள் திணிப்பானேன்? இந்த ஐ3 செத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.


மஞ்சள்_பத்திரிகை:

சரி, அப்போது பைபாஸ் இல்லை. நீட்டிப்புக்கான இணைப்பு என் கணினியில் காட்டியது, என் சொந்த ஐடியில் பதிவு செய்துவிட்டேன், காசு கேட்கவில்லை. வீட்டுக்காரரும் பழைய டெஸ்க்டாப் விலைக்கு ஒத்துக்கொண்டார், மார்கழி முடிவதற்குள் மதுரை போகிறோம்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. கணினி போனால் கணினி கிடைக்கும், டங்கிள் போனால்? அதன் பிளாஸ்டிக் ஏற்கெனவே விரிசல் விட்டு, டேப் சுற்றி வைத்திருக்கிறேன். பழைய ஃபைல்களை எல்லாம் இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டுமா? நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.


பிளேட்ரூம்:

டங்கிளைக் கழற்றிவிட்டுப் பேஜ்மேக்கரில் ஒரு பழைய பத்திரிகையைத் திறந்து பாருங்கள். தமிழ் சரியாகத் தெரிந்தால், டங்கிள் காவல் காப்பது விசைப்பலகைக்கு மட்டும்தான், எழுத்துருவுக்கு இல்லை. நான் பார்த்த தொகுப்புகளில் பெரும்பாலும் அப்படித்தான்.

அப்படியானால் டங்கிள் போனாலும் அடிக்க வழி இருக்கிறது. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் யூனிகோடு தவிர டாம், டேப் போன்ற பழைய குறியீடுகளிலும் தட்டச்சு செய்ய விடும். உங்கள் எழுத்துரு எந்தக் குறியீடு என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு குறியீட்டிலும் 'அன்புடையீர்' என்று அடித்து உங்கள் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள், எதில் சரியாக வருகிறதோ அதுதான். ணகரம், றகரம், கொம்பு வரும் எழுத்துகளையும் சேர்த்துப் பாருங்கள், தொண்ணூறு சதவீதம் ஒத்துவந்து அங்கே மட்டும் காலை வாரும் எழுத்துருக்கள் உண்டு. சில கம்பெனிகள் சொந்தமாக ஒரு குறியீடு வைத்திருந்தன. அதில் மாட்டினால் கொஞ்சம் கஷ்டம்தான்.

எல்லா ஃபைலையும் மாற்ற வேண்டாம். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது, ஆகவே மாற்றினால் மென்பொருளையும் சேர்த்து மாற்ற வேண்டும். இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், அதற்குப் பின் வந்தவை திறக்காது. எந்தக் குடும்பம் திரும்பி வருகிறதோ அந்தப் பத்திரிகையின் எழுத்தை மட்டும் காப்பி எடுத்து, பழைய குறியீட்டை மாற்றித் தரும் மென்பொருளில் போட்டு, யூனிகோடில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகக் குடும்பப் பெயரோடு சேமித்துக்கொண்டே வாருங்கள். வடிவமைப்பை எப்போது வேண்டுமானாலும் மறுபடி போடலாம், பங்காளிகள் வரிசை கையில் இருந்தால் போதாதா?


மஞ்சள்_பத்திரிகை:

கழற்றிப் பார்த்தேன் அண்ணா. பத்திரிகை முழுசாகத் தமிழில்தான் திறந்தது, அடிக்க மட்டும் முடியவில்லை. என்எச்எம் ரைட்டரில் டாம் குறியீட்டில் போட்டால் 'அன்புடையீர்' சரியாக வந்தது. 'ஸ்ரீ' மட்டும் கட்டமாக நிற்கிறது. எங்கள் பத்திரிகையில் தலைப்பிலேயே அது வரும். பழைய ஃபைலிலிருந்து காப்பி எடுத்து ஒட்டினால் வந்துவிடுகிறது, சமாளித்துக்கொள்கிறேன்.

மதுரையில் பழைய டெஸ்க்டாப் வாங்கும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்?


ஹார்டுவேர்_தம்பி:

காசு கொடுப்பதற்கு முன்னால் கடையிலேயே பிசி ஹெல்த் செக் ஓட்டச் சொல்லுங்கள், எல்லாம் பச்சையாக வர வேண்டும். "ஐ5 தான்" என்று சொல்லி 6-ஆம் தலைமுறையைக் கையில் கொடுப்பார்கள். புராசஸர் எண் 8-லோ 9-லோ தொடங்க வேண்டும், ஐ5 8400, ஐ3 9100 என்கிற மாதிரி. விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள், டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் நல்லது. பயாஸுக்குள் போய்ப் பாருங்கள், பழைய அலுவலகம் வைத்த பாஸ்வேர்டு இன்னும் இருந்தால் அந்த மெஷின் வேண்டாம். ஹார்ட் டிஸ்க் போட்டுத் தந்தால் எஸ்எஸ்டியாக மாற்றிக் கேளுங்கள். கைரேகை சாதனத்தையும் கையோடு எடுத்துப் போய் அங்கேயே செருகி, அந்தச் சாதனத்துக்கான ஆர்டி சர்வீஸ் மென்பொருள் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.